கல்லை அளந்த கணக்கு

1983ஆம் வருஷம் தை மாதத்தில், ஒலக்கூரிலிருந்து சைக்கிளில் புறப்பட்டுத் திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு கருங்கல் குவாரியில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்த அன்றைக்கு, என் கையில் முதலில் கொடுத்தது அடிக்கு ஒரு வெட்டு வெட்டிய மூங்கில் கோலைத்தான். பேனாவும் பேரேடும் மறுநாள்தான் வந்தன. கோலைக் கொடுத்தவர் அங்கே முப்பது வருஷம் கணக்கெழுதி ஓய்ந்திருந்த பெரியவர். "தம்பி, கல்லை யாரும் கண்ணால பாத்து எண்ண முடியாது. லாரிப் பெட்டியத்தான் எண்ணணும். பெட்டிய அளக்கத் தெரிஞ்சுக்க, மத்தது தானா வரும்" என்றார். அந்த வாக்கியத்தில் அடங்கியிருந்த விஷயத்தின் பாதியைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆயிற்று. மறுபாதி டில்லியில் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து தீர்ப்பெழுதிய பிறகுதான் புரிந்தது.

பெட்டியை அளக்கும் வித்தை இதுதான். அந்நாளைய ஆறு சக்கர லாரியின் பெட்டி பன்னிரண்டடி நீளம், ஏழடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், அதில் கொள்வது 210 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட். ஆக, இரண்டு யூனிட்டும் சொச்சமும். சர்க்காருக்கு 'சீனியரேஜ்' என்று நாங்கள் சொல்லும் கனிம உரிமைத் தொகையைக் கட்டியதும், அங்காடியில் ஜல்லியை விற்றதும், டிரைவருக்குப் படி கொடுத்ததும், எல்லாம் இந்த யூனிட்டின் மேல்தான். ஆனால் பெட்டிக்கு மேலே கோபுரம்போல் குவித்தால் அது எத்தனை யூனிட்? பலகையை அரையடி உயர்த்திக் கட்டிய லாரிக்கு என்ன கணக்கு? அரளைக் கல்லாக ஏற்றினால் இடுக்குகளில் காற்று நிறைய இருக்கும். முக்கால் ஜல்லியாக ஏற்றினால் இடுக்கு குறையும். சக்கையும் தூசியும் கலந்து ஏற்றினால் இடுக்கு இன்னும் குறையும். பெட்டி ஒன்றுதான், யூனிட்டும் ஒன்றுதான், உள்ளே போகிற கல்லின் கனம் மட்டும் ஒவ்வொரு நடைக்கும் வேறு. இந்த இடுக்கில்தான், அதாவது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற காற்றில்தான், இந்தத் தொழிலின் சாமர்த்தியமும் சர்க்காரின் நஷ்டமும் சேர்ந்து குடியிருந்தன என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

பணம் கட்டும் முறை அன்றைக்குப் பார்வைக்கு வெகு சுலபம். இத்தனை லோடு வெட்டி எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, கருவூலச் சலானை நிரப்பி, திண்டிவனத்து வங்கியில் பணத்தைக் கட்டி, அந்தச் சலானைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அத்தனை லோடுக்கு உரிய நடைச்சீட்டுகளை முத்திரையிட்டுத் தருவார்கள். ஒவ்வொரு லாரியும் புறப்படும்போது ஒரு சீட்டில் தேதி, நேரம், வண்டி எண், போகுமிடம் எல்லாம் எழுதி, கார்பன் தாளின் கீழே பிரதியை வைத்துக்கொண்டு, மூலத்தை டிரைவர் கையில் கொடுக்கவேண்டும். அந்தச் சீட்டு ஒரு நடைக்குத்தான் செல்லும். ஆனால் வழியில் யாரும் மறிக்காமல் போய்ச்சேர்ந்த சீட்டு, மறுநடைக்கு ஏன் செல்லக்கூடாது என்று நினைக்கத் தூண்டுவது மனித சுபாவம். நேரம் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, தூரத்தில் ஜீப்பின் தலை தெரிந்தபின் அவசரமாக எழுதிக்கொள்ளும் டிரைவர்களை நான் அறிவேன். அதைக் கண்டும் காணாததுபோல் இருந்த உத்தியோகஸ்தர்களையும் அறிவேன். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்த கணக்குப்பிள்ளை ஒருவனையும் நன்றாக அறிவேன், அவன் பெயரை இங்கே எழுதவேண்டிய அவசியம் இல்லை.

அந்த நாளில் எங்கள் பேரேட்டில் சீனியரேஜுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய கலம் இருந்தது. அதன் தலைப்பு 'தலவரி'. 1958ஆம் வருஷத்துச் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, நிலத்தீர்வை ரூபாய் ஒன்றுக்கு 45 பைசா வீதம் உள்ளூர் நலனுக்காக வசூலிக்கும் மேல்வரி அது. விவசாயியின் தீர்வைக்கு ஏற்பட்ட இந்த வரியை, பிற்பாடு செய்த ஒரு திருத்தத்தால், சர்க்கார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் கட்டும், சீனியரேஜ் போன்ற ராயல்டித் தொகையையும் 'நிலத்தீர்வை' என்ற சொல்லுக்குள் அடக்கி, சுரங்கங்களின் மேலும் விதித்தார்கள். எங்கள் குவாரிக்கு அது அற்பத் தொகை. ஆனால் திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டிக்கொண்டிருந்த இந்தியா சிமெண்ட்ஸ் போன்ற பெரிய கம்பெனிக்கு அது அற்பமன்று. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1989 அக்டோபர் 25ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள், ராயல்டியின் மேல் மேல்வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். மத்திய சர்க்கார் 1957இல் சுரங்கங்களுக்கென்று ஒரு சட்டம் இயற்றி அந்தத் துறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டபின், மாநிலம் அதில் தலையிட இடமில்லை என்பது அதன் சாரம்.

செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று குவாரி இருந்த ஊரின் பஞ்சாயத்துத் தலைவர் எங்களிடமே வந்து, "ஏங்க கணக்கு, மலை எங்க ஊருது, தூசி எங்க ஊட்டுக் கூரைல, லாரி எங்க ரோட்டுல. நாப்பத்தஞ்சு பைசா கேட்டா அது சட்டவிரோதமா?" என்று கேட்டார். குத்தகைதாரர் சந்தோஷத்தில் இருந்ததால், சம்பளக்காரனாகிய நான் மௌனமாக இருந்தேன். சீனியரேஜ் பணம் சர்க்கார் கணக்கில் சேர்ந்து, பிறகு உள்ளாட்சிக்குப் பங்காகத் திரும்பும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சென்னைக்குப் போன பணம் அந்த ஊர்ப் பக்கம் திரும்பி வருவதற்குள், அதைக் கட்டிய லாரி உடைந்த ரோட்டில் எத்தனை நடை போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தத் தீர்ப்பைப் பற்றி ஒரு வேடிக்கையை இங்கே சொல்லாமல் தீராது. கணக்கெழுதுகிறவனுக்கு அதைவிடச் சுவையான கதை வேறு கிடையாது. அதில் ஓரிடத்தில் 'ராயல்டி ஒரு வரி' என்று அச்சாகியிருந்தது. பதினாலு வருஷம் கழித்து, 2004 ஜனவரியில், மேற்கு வங்காளத்துக் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள், அது எழுத்துப் பிழை என்றும், 'ராயல்டியின் மேல் விதித்த மேல்வரி ஒரு வரி' என்று எழுதத்தான் எண்ணியிருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் பிழை என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுந்து, 2011இல் விஷயம் ஒன்பது நீதிபதிகளுக்குப் போயிற்று. நான் ஒரு சலானில் ஒரு பூஜ்யத்தை விட்டெழுதினால் மறுநாளே கருவூலத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டொரு சொல் விட்டுப்போனதாகச் சொல்லப்பட்ட இந்தக் கணக்கு மட்டும் முப்பத்தைந்து வருஷம் தீராமல் நிலுவையில் கிடந்தது.

இதற்கிடையே எங்கள் பக்கத்தில் காலம் வேகமாக மாறியது. சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கும் வேலை தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரையில் வந்து, பின் திண்டிவனத்துக்குத் தெற்கேயும் நீண்டபோது, அதுவரை ஜாக் ஹேமரும் சம்மட்டியும் ஒலித்துக்கொண்டிருந்த குவாரிகளில் பொக்லைனும் டிப்பரும் வந்து இறங்கின. 2003இல் ஆற்று மணல் குவாரிகளைப் பொதுப்பணித் துறையே ஏற்று நடத்தத் தொடங்கிய பின், மணலுக்கு நெருக்கடி முற்ற முற்ற, கல்லையே அரைத்து மணலாக்கும் எம்-சாண்ட் வந்து சேர்ந்தது. முன்னே குப்பையென்று ஒதுக்கிய கிரஷர் தூசிக்கும் விலை உண்டாயிற்று. மலைமேல் வெட்டியது போய், தரைக்குக் கீழே வெட்டலாயிற்று. ஒரு வருஷத்தில் எடுத்த கல்லை ஒரு மாதத்தில் எடுத்தார்கள். நடைச்சீட்டுப் புத்தகம் மட்டும் அதே பழைய அளவில், அதே கார்பன் தாளோடு இருந்தது.

சீட்டுக்கும் குழிக்கும் பொருத்தம் இல்லை என்பது சர்க்காருக்கும் தெரியாமல் இல்லை. ஆகவே லாரியை விட்டுவிட்டுக் குழியை அளக்க ஆரம்பித்தார்கள். நாலைந்து குவாரிகளுக்கு ஒருசேரக் கணக்குப் பார்த்துவந்த எனக்கு, அந்தக் காலத்தில் நேர்ந்த ஓர் அவமானத்தைச் சொல்லுகிறேன். ஒரு குத்தகைதாரர் ஏலத்தில் எடுத்த புறம்போக்குக் குவாரி அது. முந்தின குத்தகைதாரர் ஐந்து வருஷம் வெட்டிவிட்டுப் போன பழைய பள்ளம் அதில் ஏற்கெனவே இருந்தது. புதியவர் அவசரப்பட்டார், நானும் அவர் பேச்சைக் கேட்டு, பள்ளத்தை அளந்து வரைபடம் எழுதி உத்தியோகஸ்தரின் கையெழுத்தைப் பெறாமலே, முதல் வெடியை வைக்கச் சம்மதித்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு தணிக்கைக் குழு வந்து, சங்கிலி பிடித்து, ஆழம் பார்த்து, மொத்தப் பள்ளத்தையும் கணக்கிட்டு, அத்தனை கல்லும் இவரே எடுத்தது என்றும், நடைச்சீட்டு வாங்கியது போக மீதிக்கு அபராதத்தோடு கட்டவேண்டும் என்றும் நோட்டீஸ் அனுப்பியது.

அதைவிட விசித்திரம் இன்னொன்று. குழியில் அளப்பது கெட்டிக் கல். லாரியில் அளப்பது உடைத்த கல். ஒரு கன மீட்டர் கெட்டிப் பாறையை உடைத்தால் ஒன்றரை கன மீட்டருக்குக் குறையாமல் பரவும். எடையோ இரண்டும் ஒன்றே. நடைச்சீட்டில் நாங்கள் கட்டியது உடைத்த கல்லின் கன அளவுக்கு. நோட்டீஸில் கணக்கிட்டது கெட்டிக் கல்லின் கன அளவுக்கு. இரண்டையும் ஒரே கன மீட்டராகப் பாவித்துக் கழித்திருந்தார்கள். இந்தப் பிழை எங்களுக்கு அநுகூலமான பிழை! அதை நான் எடுத்துக்காட்டினால் அபராதம் இன்னும் ஏறும். பழைய பள்ளத்தைக் கழியுங்கள் என்று நியாயம் கேட்டுப் போன நான், இந்த நியாயத்தைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தேன். பழைய வரைபடம் எதுவும் இல்லாததால் என் வாதம் எடுபடவில்லை. குத்தகைதாரர் பணத்தைக் கட்டினார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை என்றாலும், அதற்குப் பிறகு ஒரு பொங்கலுக்கும் எனக்கு வேஷ்டி வரவில்லை. வரி என்பது வீதத்தில் இல்லை, எங்கே நின்றுகொண்டு எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்ற அபிப்பிராயம் என் மனத்தில் ஊன்றியது அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு மயிலம் பஸ் நிறுத்தத்தில் நின்ற மத்தியானத்தில்தான்.

2012க்குப் பின் வந்த மாறுதல்களை விரைவாகவே சொல்லிவிடலாம். தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் விளைவாக, ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்குங்கூடச் சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்பட்டது. சுரங்கத் திட்டம் எழுதிக்கொடுக்கப் படித்த பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுடைய வரைபடத்தில் பள்ளத்தின் ஆரம்ப ஆழம் தெளிவாக இருந்ததைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டேன். 2015இல் மத்தியச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள ஜில்லாக்களின் நலனுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். ராயல்டியோடு அதற்கும் ஒரு பங்கு கட்டவேண்டும். நாற்பத்தைந்து பைசா கேட்ட அந்தப் பஞ்சாயத்துத் தலைவர் அப்போது உயிரோடு இல்லை.

2024 ஜூலை 25ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளின் தீர்ப்பு வந்தது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் உள்பட எட்டுப் பேர் ஒரு பக்கம், நீதிபதி நாகரத்னா மறுபக்கம். ராயல்டி வரியன்று, கனிமத்தை எடுத்துக்கொள்ளும் உரிமைக்காகக் குத்தகைதாரர் நிலத்தின் சொந்தக்காரருக்கு ஒப்பந்தப்படி கொடுக்கும் பிரதிபலன் என்றும், கனிமம் பொதிந்த நிலத்தின் மேல் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்றும் எட்டுப் பேரும் சொன்னார்கள். என் கண் நின்றது வேறொரு வாசகத்தில்: வரி நிலத்தின் மேல்தான், ஆனால் அதன் அளவுகோலாக அந்த நிலத்திலிருந்து கிடைக்கும் கனிமத்தை வைத்துக்கொள்ளலாம் என்ற வாசகம் அது. மூங்கில் கோல் கொடுத்த பெரியவர் சொன்னதுதான்! கல்லை எண்ண முடியாது, பெட்டியை எண்ணு என்றார் அவர்; நிலத்துக்கு வரி போடு, கல்லைக் கொண்டு அளந்துகொள் என்றார்கள் இவர்கள். ஆகஸ்டு 14ஆம் தேதி, இந்தத் தீர்ப்பு முன்காலத்துக்கும் செல்லும், ஆனால் 2005 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முந்தின காலத்துக்குக் கேட்கக்கூடாது, பாக்கியை 2026 ஏப்ரல் முதல் பன்னிரண்டு வருஷத் தவணையில் வாங்கவேண்டும் என்று வரம்பு கட்டினார்கள். நிலக்கரியும் இரும்பும் வெட்டும் ஜார்க்கண்ட் மாநிலம் உடனே டன்னுக்கு நூறு ரூபாய் என்று சட்டம் செய்தது.

தமிழ்நாடு 2024 டிசம்பரில் இதேபோன்ற வரிக்கான மசோதாவை நிறைவேற்றியது. சட்டம் 2025 ஏப்ரல் 4 முதல் அமலுக்கு வந்தது. சிமெண்டுக்கு ஆகும் சுண்ணாம்புக் கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய், எங்கள் சாதாரணக் கருங்கல்லுக்கு 90 ரூபாய். இது நிலத்தின் மேல் புதிய வரி. இதற்குமேல் பழைய சீனியரேஜ் இருக்கவே இருக்கிறது. அதுவும் கன மீட்டரிலிருந்து டன்னுக்கு மாறி, 60 ரூபாய் என்று நின்றது. ஏப்ரல் நடுவில் குவாரிக்காரர்களும் கிரஷர்காரர்களும் வேலையை நிறுத்தினார்கள். பத்து நாளுக்கு மேல் எங்கள் பக்கத்துக் கிரஷர்கள் ஊமையாக நின்றன. கட்டிடங்கள் கூரை போடாமல் நின்றன. காலையில் வேப்ப மரத்து இலை பச்சையாகத் தெரிந்தது என்று என் மனைவி ஆச்சரியப்பட்டாள். பேச்சுவார்த்தைக்குப் பின் சீனியரேஜை டன்னுக்கு 33 ரூபாயாகக் குறைத்தார்கள்.

இரண்டையும் கூட்டினால் 123 ரூபாய். ஒரு யூனிட் ஜல்லி ஏறக்குறைய நாலரை டன் நிற்கும் என்று கொண்டால், யூனிட்டுக்கு ஐந்நூற்றைம்பது ரூபாய்க்குமேல் வருகிறது. இது அதிகமா, குறைவா என்று என்னைக் கேட்ட குத்தகைதாரர்களுக்கு நான் திருப்தியான பதில் சொல்லவில்லை. வீதத்தைப் பற்றிப் பொருமுகிறவர்களில் பலர் உண்மையில் பொருமியது டன்னைப் பற்றி. யூனிட்டில் காற்று இருந்தது. டன்னில் காற்று இல்லை. நாற்பது வருஷம் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒளிந்திருந்தது அனைத்தும் எடை மேடையில் ஏறியவுடன் வெளியே வந்துவிட்டது. யோக்கியமாகச் சீட்டு வாங்கியவனுக்கும் இது பாரந்தான். ஆனால் சீட்டில்லாமல் ஓட்டியவனோடு அவன் விலையில் போட்டியிடவேண்டியிருந்ததே, அந்தப் பாரம் இதைவிடப் பெரிது என்று நான் அறிவேன். ஆகவே டன் கணக்கு நல்லது என்பதே என் கட்சி. வீதம் மட்டும் இரண்டாக இருப்பதற்குப் பதில் ஒன்றாக இருந்து, அதிலே கிராமத்துக்கு இன்ன பங்கு என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தால், டிரைவர் முதல் ஊர்க்காரர் வரை எல்லோரும் படித்துக்கொள்வார்கள்.

சென்னையில் பட்டயக் கணக்கராக இருக்கும் என் தங்கை மகன் இதை ஒப்பவில்லை. "மாமா, எடைமேல வரி போட்டா நஷ்டத்துல ஓடுறவனும் கட்டணும். கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல பாருங்க, மூலதனம் மீள்ற வரைக்கும் 2 சதவீதம், அதுக்கப்புறம் நிகர வருமானத்துல 13 சதவீதம். அதுதான் நியாயம்" என்றான். நியாயந்தான். ஆனால் லாபம் என்பது எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கல் குழியில் இருக்கிறது, லாரியில் இருக்கிறது, எடை மேடையில் இருக்கிறது. லாபம் பேரேட்டில் மட்டும் இருக்கிறது. பேரேட்டை எழுதுகிறவன் யார்? "தம்பி, என்னை நம்பியா சர்க்கார் வரி வாங்கச் சொல்ற?" என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

சென்ற ஐப்பசியில் அடைமழை. நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த பையன் குவாரியிலிருந்து போனில் கூப்பிட்டான். ராத்திரி முழுதும் நனைந்த எம்-சாண்டை ஏற்றிய டிப்பர் எடை மேடையில் நிற்கிறது. நேற்றுக் காய்ந்த மணலை இதே வண்டியில் இதே மட்டத்துக்கு ஏற்றியபோது இருந்ததைக் காட்டிலும் இன்றைக்கு ஒன்றரை டன்னுக்குமேல் கூடக் காட்டுகிறது. வாங்கியிருக்கும் சீட்டில் உள்ள எடைக்கு மேல் போகிறது. மணலைக் குறைத்தால் வாங்குகிறவர் யூனிட் குறைகிறது என்று சண்டைக்கு வருவார். குறைக்காவிட்டால் வழியில் பிடிப்பார்கள். "ஐயா, தண்ணிக்கும் வரி கட்டணுங்களா?" என்று கேட்டான்.

வண்டியைச் சரிவில் பின்பக்கமாக நிறுத்தி, பின்கதவை இரண்டு விரல் அகலம் தளர்த்தி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடை போடச் சொன்னேன்.